பின்னுதைப்பைத் தாங்கும் சுருள்வில்: எம்16 துப்பாக்கியில் ஓர் இயந்திரவியல் பாடம்

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில்தான் 'சுருள்வில்' என்ற சொல்லை முதன்முதலாகக் கற்றேன். பேனாவைக் கழற்றி உள்ளிருந்த சுருள்வில்லை மேசைமேல் துள்ளவிட்டு ஆசிரியையிடம் திட்டு வாங்கியதும் நினைவிருக்கிறது. தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் அது 'ஸ்பிரிங்' ஆயிற்று. பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பயிலத் தொடங்கியதும் சமன்பாட்டில் 'கே' என்ற ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது.

சென்ற ஆண்டு அதிர்வியல் பாடத்தில் எங்களுக்கு ஓர் இடுபணி. எடை, சுருள்வில், தணிப்பான் மூன்றும் சேர்ந்து இயங்கும் ஓர் அமைப்பை ஆராய வேண்டும். மோட்டார் சைக்கிளின் அதிர்வுத்தாங்கி கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். சீட்டுக் குலுக்கலில் எனக்கு வந்ததோ அரைத் தானியங்கித் துப்பாக்கியின் பஃபரும் சுருள்வில்லும்! "பொம்பளப் பிள்ளைக்குப் படிக்க வேற ஒன்னும் கெடைக்கலயா?" என்றார் என் பாட்டி.

நம் நாட்டில் உரிமம் இன்றி ஒரு தோட்டாவை வைத்திருப்பதே குற்றம். நான் இன்றுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆகவே இக்கட்டுரை சுடுவதைப் பற்றியதன்று. ஒரு சிறு எடையும் ஒரு கம்பிச் சுருளும் பொருந்தாமல் போனால் என்ன நேரும் என்பதைப் பற்றியது.

எடுத்துக்காட்டாக எம்16 குடும்பத்தை எடுத்துக் கொள்கிறேன். யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் நிறுவனத்தில் உருவாக்கிய ஏஆர்-15 இதன் மூலம். அதன் உரிமையைக் கோல்ட் நிறுவனம் 1959இல் வாங்கியது. நம் இராணுவமும் எம்16ஐப் பயன்படுத்தியது. பின்னர் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் வந்தது, அதற்கும் பின் எம்16இன் தம்பியான எம்4 வந்தது. சிங்கப்பூரில் இதே துப்பாக்கி எம்16எஸ்1 என்ற பெயரில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது. அங்கே தேசிய சேவை முடித்த மாமா, சித்தப்பா யாரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பெயரைச் சொன்னதும் ஒரு கதை வரும்.

இது இயங்கும் விதம் எளிது. தோட்டா வெடித்ததும் குண்டு குழலில் முன்னோக்கிப் பாய்கிறது. குழலின் ஓரிடத்தில் சிறு துளை உண்டு. குண்டு அதைத் தாண்டியதும் வாயுவில் ஒரு பகுதி அத்துளைவழி மேலேறி, மெல்லிய குழாய் ஒன்றில் பின்னோக்கி வந்து போல்ட் கேரியர் என்ற பாகத்தைத் தள்ளுகிறது. கேரியர் பின்னே செல்லும்போது போல்ட் பூட்டு திறந்து, வெற்றுக்கூடு இழுபட்டு வெளியே விழுகிறது. கேரியரின் பின்னால், தோளில் வைக்கும் கட்டையின் உள்ளே, ஒரு குழாயில் பஃபரும் சுருள்வில்லும் காத்திருக்கின்றன. சுருள்வில் அமுங்கி, நின்று, மீண்டும் விரிந்து கேரியரை முன்னே தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறுகிறது. இத்தனையும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

அவசரம் எங்கே ஆபத்தாகிறது? வெடித்த கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து அறையின் சுவரோடு இறுகி ஒட்டிக் கொள்ளும். அழுத்தம் தணிந்தபின் அது சற்றுச் சுருங்கும். அதற்கு முன்பே போல்ட் பிடுங்கி இழுத்தால் கூடு வராது, அதன் விளிம்பு கிழிந்து கூடு உள்ளேயே சிக்கிக் கொள்ளும். அதன்பின் அந்தத் துப்பாக்கி வெறும் தடி.

வியட்நாமில் நடந்தது இதுதான். 1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்குச் சண்டையில் எம்16 நற்பெயர் பெற்றது. அடுத்த ஈராண்டில் படைகள் பெருகப் பெருகப் புகார்களும் பெருகின. 1967ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் கே சான் அருகே நடந்த குன்றுப் போர்களுக்குப் பின், இறந்த தோழர்கள் பலர் பக்கத்தில் அவர்களின் துப்பாக்கிகள் பிரித்துப் போட்டபடி கிடந்தன என்று ஒரு மரைன் வீரர் வீட்டிற்கு எழுதிய கடிதம் அமெரிக்க நாடாளுமன்றம்வரை சென்றது. சிக்கிய கூட்டைத் துப்புரவுக் கம்பியால் குழலின் முன்பக்கமிருந்து குத்தி வெளியேற்ற முயன்றபடியே அவர்கள் மாண்டிருந்தனர். என் வயதுக்கும் குறைந்தவர்கள் பலர். இந்த இடத்தைப் படித்த இரவில் எனக்கு இடுபணி என்ற நினைப்பே போய்விட்டது.

காரணம் ஒன்றல்ல. ஸ்டோனரின் வடிவமைப்பு குச்சி வடிவ மணிகள் கொண்ட ஐஎம்ஆர் வெடிமருந்தைக் கணக்கில் வைத்து உருவானது. 1964இல் இராணுவம் உருண்டை மணிகள் கொண்ட வேறொரு மருந்துக்கு மாறியது. குண்டின் வேகம் ஏறத்தாழ அதேதான், ஆனால் வாயுத் துளையருகே அழுத்தம் கூடிற்று. கேரியர் முன்னைவிட வேகமாகப் பின்னே பாய்ந்தது. நிமிடத்திற்கு 700 முதல் 800 வரை இருந்த சுடும் வேகம் சில துப்பாக்கிகளில் 1000ஐ நெருங்கியது. புதிய மருந்து மிகுந்த கசடையும் விட்டுச் சென்றது. அறையின் உட்புறத்தில் குரோமியப் பூச்சு இல்லாததால் அந்த ஈரக்காற்றில் துருவேறியது. நம் ஊரில் ஆணி துருப்பிடிக்கும் வேகத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, இத்துப்பாக்கிக்குத் துப்புரவு அதிகம் தேவையில்லை என்ற எண்ணமும் பரவியிருந்தது. பலருக்குத் துப்புரவுக் கருவிகளே வழங்கப்படவில்லை.

என்னை மிகவும் உறுத்தியது வேறொரு செய்தி. புதிய மருந்தில் சுடும் வேகம் வரம்பை மீறும் என்று தெரிந்ததால், தொழிற்சாலையின் ஏற்புச் சோதனைகளைப் பழைய மருந்துத் தோட்டாக்களாலேயே நடத்த அனுமதி அளிக்கப்பட்டது. துப்பாக்கி சோதனையில் ஒரு தோட்டாவோடு தேறியது, போர்க்களத்திற்கு வேறொரு தோட்டாவோடு போயிற்று. ரிச்சர்டு இக்கார்டு தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு 1967 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இம்முடிவுகளைக் கடுமையாகச் சாடியது.

திருத்தங்களில் ஒன்றுதான் நம் பஃபர். முதலில் இருந்தது இலேசானது. கோல்ட் பொறியாளர் ஃபாஸ்டர் ஸ்டர்டிவான்ட் வடிவமைத்த புதிய பஃபரின் வயிற்றில் எஃகுத் துண்டுகள் தனித்தனியாக நகரும், அவற்றிடையே இரப்பர் வில்லைகள் இருக்கும். எடை கூடியதால் கேரியரின் வேகம் குறைந்தது. அத்துடன், கேரியர் முன்னே வந்து மோதும்போது துள்ளிப் பின்வாங்கப் பார்க்கும் அல்லவா? ஒரு கணம் பிந்தி வந்து மோதும் துண்டுகள் அத்துள்ளலை அடக்கிவிடும். தொடர்ந்து சுடும் துப்பாக்கிக்கு இந்த இரண்டாம் பயன் பெரிது. ஒவ்வொரு முறையும் விசையை அழுத்திச் சுடும் அரைத் தானியங்கிக்கு முதல் பயனே முக்கியம் என்பது என் கருத்து. அறைக்குக் குரோமியப் பூச்சும் வந்தது, துப்புரவுக் கருவிகளும் வந்தன. ஓவியர் வில் ஐஸ்னர் வரைந்த படக்கதைக் கையேடும் வந்தது. பஃபர் தனியாக எதையும் காப்பாற்றிவிடவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். கேரியரும் போல்ட்டும் சேர்ந்து ஏறக்குறைய 326 கிராம். குட்டைத் துப்பாக்கியின் சாதாரண பஃபர் 85 கிராம். உள்ளிருக்கும் மூன்று எஃகுத் துண்டுகளில் இரண்டை டங்ஸ்டனாக மாற்றினால் அதை எச்2 என்பர், எடை சுமார் 130 கிராம். ஆக, நகரும் மொத்த எடை 411இலிருந்து 456 கிராமாகிறது. வாயு தரும் கணத்தாக்கு மாறவில்லை என்று கொண்டால் வேகமும் சரி, இயக்க ஆற்றலும் சரி, ஏறத்தாழ பத்து விழுக்காடு குறையும். 45 கிராம் என்பது சட்டைப்பையில் கிடக்கும் சில்லறைக் காசின் எடை!

அப்படியானால் எடைக்குப் பதில் வலுவான சுருள்வில்லைப் போட்டால் என்ன? நானும் முதலில் இரண்டும் ஒன்றே என்றுதான் எழுதினேன். விரிவுரையாளர் அவ்வரியின்கீழ்ச் சிவப்புக் கோடிட்டார். சுருள்வில்லின் விசை அது அமுங்கும் தூரத்தைப் பொறுத்தது. பூட்டு திறக்கும் தொடக்க மில்லிமீட்டர்களில் அது பெரிதாகத் தடுப்பதில்லை. எடையோ முதல் கணத்திலிருந்தே 'மெதுவாக' என்கிறது. மேலும், சுருள்வில் வாங்கிய கடனைத் திருப்பித் தரும். மிகக் கடினமான சுருள்வில் கேரியரை வேகமாக முன்னே எறிவதால், மேகசின் அடுத்த தோட்டாவை மேலே உயர்த்துவதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. கூடு சிக்கும் நோயைத் தீர்க்கப் போய்த் தோட்டா ஏறாத நோயை வாங்கி வந்த கதையாகிவிடும்.

அமெரிக்காவில் பொதுமக்கள் ஏஆர்-15ஐ வாங்கி, பாகங்களைத் தாமே மாற்றிக் கொள்வது பரவலான வழக்கம். எந்த பஃபர், எந்தச் சுருள்வில் என்ற கேள்வி அங்கேதான் அன்றாடக் கேள்வி. கடையில் உள்ளவற்றில் கனமானதே நல்லது என்று நினைப்பவர் பலர். முதலில் கேட்க வேண்டியது வாயு எவ்வளவு வருகிறது என்பதுதான். குட்டை அமைப்பில் துளை அறையிலிருந்து சுமார் 18 சென்டிமீட்டரிலும், நீண்ட அமைப்பில் சுமார் 30 சென்டிமீட்டரிலும் இருக்கும். அருகில் இருந்தால் அழுத்தம் அதிகம், ஆகவே குட்டைத் துப்பாக்கிக்கே கன பஃபரின் தேவை எழுகிறது. கூடுகள் முன்பக்கமாகச் சீறிப் பறந்தால் பெரும்பாலும் வாயு மிகுதி. பின்பக்கமாகச் சோர்ந்து விழுந்தாலோ, கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்து நிற்கவில்லை என்றாலோ, பெரும்பாலும் பற்றாக்குறை. பறக்கும் திசை ஒரு குறிப்பு மட்டுமே, அதையே சாத்திரமாகக் கொள்ளக் கூடாது.

பொருத்தமும் உண்டு. குட்டை பஃபரை நீண்ட குழாயில் போட்டால் கேரியர் அளவுக்கு மீறிப் பின்னே சென்று உடற்பகுதியில் மோதி அதையே உடைத்துவிடும். சுருள்வில்லும் களைப்படையும். குட்டைத் துப்பாக்கியின் சுருள்வில் தனியே வைக்கும்போது சுமார் 25.6 முதல் 28.6 சென்டிமீட்டர் நீளத்திற்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டியதுதான். பஃபர் எடையைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவோர் ஓர் அளவுகோலை எடுத்து இதை அளந்து பார்க்கலாம்.

இன்னொன்று. வெயில் நாளில், துடைத்து எண்ணெயிட்ட துப்பாக்கியில், ஒரே வகைத் தோட்டாவுக்கு மிக மென்மையாக இயங்கும்படி எடையை ஏற்றிக்கொண்டே போகலாம். குளிரில் எண்ணெய் கெட்டியாகும்போது, கசடு சேரும்போது, வலுக்குறைந்த தோட்டா வரும்போது அதே துப்பாக்கி பாதி வழியில் நின்றுவிடும். மிகுதி வாயு பாகங்களைத் தேய்க்கும், அதே மிகுதிதான் அழுக்கான நாளுக்கான சேமிப்பும். எனவே தயாரிப்பாளர் பொருத்தியதிலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பயன்படுத்தப் போகும் அதே தோட்டாக்களில் வலுக்குறைந்ததைக் கொண்டு சோதிப்பதே முறை.

படைப்பு நாளன்று விரிவுரையாளர் கேட்டார்: "1966இல் நீங்கள் அங்கே பொறியாளராக இருந்தால் எந்த பஃபரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்?" புதியதைத்தான் என்றேன், ஆனால் அதைச் சோதிக்கப் படைவீரர்களுக்கு அனுப்பும் பெட்டியிலிருந்தே தோட்டாக்களை எடுப்பேன் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, வரைபடத்தில் நான் அலகு குறிக்க மறந்த இரண்டு இடங்களுக்கு மதிப்பெண் குறைத்தார்.