சுவரை இடிக்கும் முன்

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சமையலறையை மாற்றிக் கட்டப்போகிறோம். சுவரை எடுத்துவிட்டுக் கூடத்தோடு சேர்க்கலாம் என்கிறான் மகன். மாமியாருக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ரங்கத்

பதில்: நான் உங்கள் மாமியார் பக்கம்தான். 2004 நிலநடுக்கத்தைக் கண்ட அந்தமானில், பாரம் தாங்கும் சுவரா என்று பொறியாளர் பார்க்காமல் எதிலும் கை வைக்காதீர்கள். மீன் பொரிக்கும் புகையும் கூடம் வரை வரும். வெளிச்சம்தான் குறை என்றால் ஜன்னலைப் பெரிதாக்கலாமா என்று அந்தப் பொறியாளரிடமே கேளுங்கள்.

‘எல்’ வடிவ மேடை போதும்: ஜன்னலடியில் தொட்டி, காற்றடிக்காத பக்கம் அடுப்பு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். ஆகவே சிலிண்டர் அருகே தரையொட்டி வெளிப்புறம் திறக்கும் காற்றுத்துளை வையுங்கள். அலமாரியைச் சுவரோடு திருகி, தட்டுகளின் விளிம்பில் சட்டம் அடியுங்கள். நிலம் அதிர்ந்தாலும் ஜாடிகள் எளிதில் சரியாது. மேடையின் உயரம், தினமும் சமைப்பவரின் முழங்கைக்கு 4 அங்குலம் கீழே இருக்கட்டும். அந்த அளவில் அவர் சொல்வதே முடிவு.