பனியன் துணியில் தோள் தையல் தொங்காமல் தைப்பது எப்படி?

ரவிக்கை, பாவாடை தைக்கத் தெரிந்தால் பனியன் துணியும் தைத்துவிடலாம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். மிஷின் ஒன்றுதான், ஆனால் துணி வேறு சாதி. அதனால் தையலும் வேறு.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கபடி ஆடும் பிள்ளைகள் படும் கஷ்டத்தைப் பார்த்துத்தான். கடையில் மொத்தமாக வாங்கிய பனியன் மூன்று மாதத்தில் தோள் இறங்கி, கை முழங்கை வரை வந்துவிடுகிறது. கழுத்தும் அகலமாகிவிடுகிறது. ரெய்டு போகும்போது குனியணும். ஒரு கையால் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால் எப்படித் தொடுறது? ஒரு பிள்ளை இதுக்காகவே ஆட வரமாட்டேன்னு சொல்லிடுச்சு. இத்தனைக்கும் துணி கிழியவில்லை. தோள் தையல்தான் இழுபட்டிருக்கிறது.

காரணம் என்ன? நம் மாவட்டத்து ஆரணிப் பட்டுப் புடவை நெய்த துணி. பாவு நீளமாகவும் ஊடை குறுக்காகவும் போகும். இரண்டும் நேர் நூல் என்பதால் நீளவாக்கிலோ அகலவாக்கிலோ பிடித்து இழுத்தால் அதிகம் வராது. பனியன் துணி நெய்தது இல்லை, பின்னியது. அதனால்தான் திருப்பூரில் பின்னலாடை என்று சொல்கிறார்கள். ஒரே நூல் வளையம் வளையமாகப் போய், ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் மாட்டிக்கொண்டு நிற்கும். இழுத்தால் வளையம் அகலும், விட்டால் சுருங்கும். பழைய பனியனை லென்ஸ் வைத்துப் பாருங்கள், சின்னச் சின்ன ‘வி’ எழுத்து அடுக்கி வைத்த மாதிரி தெரியும். (இப்படிப் பின்னும் இயந்திரத்தை முதலில் செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ. வருடம் 1589. அவர் பின்னியது பனியன் இல்லை, காலுறை.)

இப்போது ஒரு துண்டை எடுத்து நீளவாக்கில் இழுங்கள். கொஞ்சம்தான் வரும். அகலவாக்கில் இழுங்கள், நிறைய வரும். சட்டையில் தோள் தையல் எந்தப் பக்கம் போகிறது? கழுத்திலிருந்து கை வரைக்கும், அதாவது அகலவாக்கில். அதிகம் இழுபடுகிற திசையிலேயே அந்தத் தையல் இருக்கு. சட்டையோட எடையும் கையோட எடையும் அதுலதான் தொங்குது. துவைத்த பிறகு கேட்கவே வேண்டாம், பருத்தி நிறைய தண்ணீர் குடிக்கும், அந்த ஈர எடை முழுவதையும் தோள்தான் தாங்கணும். அறிவியலில் விசை என்று படிக்கிறோமே, அது இங்கேயும் வேலை செய்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவங்க. இப்ப வேங்கிக்கால்ல வீட்டிலேயே தைக்கிறாங்க. அங்கே ஓவர்லாக், பேட்லாக் என்று தனித்தனி மிஷின் இருக்குமாம். ஆனாலும் தோளில் மட்டும் உள்பக்கம் ஒரு டேப் வைத்துத்தான் அடிப்பார்களாம். “மிஷின் இல்லேன்னா பரவாயில்ல, டேப் இல்லாம தோள் மூட்டாத பாப்பா” என்று அக்கா சொன்னாங்க. இந்தப் பாடத்தில் முக்கியமானது அதுதான்.

டேப்புக்கு எங்கே போவது? பாவாடை நாடா போதும். தட்டையான பருத்தி நாடா, அதிலும் மெலிசானது. அதை வாங்கியவுடன் வெந்நீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு நாடா சுருங்கித் தோள் கொசகொசவென்று சுருக்கம் விழும். பனியன் துணியையும் வெட்டுவதற்கு முன்னாடியே ஒரு தடவை துவைச்சிடுங்க. நாடா தடிமனாக உறுத்தினால், அதே பனியன் துணியில் நீளவாக்கில் அரை அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி வைக்கலாம். அகலவாக்கில் வெட்டினால் அதுவும் சேர்ந்து இழுபடும், பிரயோஜனம் இல்லை.

அளவு எடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கு. நாடாவைத் துணி மேல வச்சு வெட்டக் கூடாது. வெட்டும்போதே துணி கொஞ்சம் இழுபட்டிருக்கும். காகிதத்தில் வரைந்த அளவு 5 அங்குலம் என்றால் நாடாவும் சரியாக 5 அங்குலம். துணி ஐந்தேகால் இருந்தால் அந்தக் காலை இழுக்காமல் நாடாவுக்குள் அடக்கிக் குண்டூசி குத்தணும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் நல்ல பக்கமும் உள்ளே பார்க்கிற மாதிரி வைத்து, பின்பக்கத் துண்டின் மேல் நாடா வர வேண்டும். தையல் நாடாவின் நடுவில் ஓடட்டும்.

நம் வீட்டுக் கால் மிஷின் நேர்த் தையல் மட்டும் போடும். தோளுக்கு அது போதும், ஏனென்றால் நாடா வைத்த இடம் இழுபடப் போவதில்லை. ஊசி மட்டும் மாற்றுங்கள். முனை உருண்ட ஊசி என்று கேட்டால் தையல் சாமான் கடையில் தருவார்கள், 11-ம் நம்பர் போதும். கூர் ஊசி நூலையே குத்தி அறுத்துவிடும். ஒரு வளையம் அறுந்தால் துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகும். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். துணியை மிஷின் பல் இழுத்துக்கொண்டு போனால், அடியில் வெள்ளைத்தாள் துண்டு வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

நாடா நல்லது என்று எல்லாத் தையலிலும் வைத்துவிடாதீர்கள்! கழுத்தைச் சுற்றி வைத்தால் தலை நுழையாது. கழுத்துக்குப் பனியன் துணியிலேயே அகலவாக்கில் பட்டை வெட்டி, கழுத்துச் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்து, பட்டையை மட்டும் லேசாக இழுத்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் தலை போன பிறகு திரும்பவும் ஒட்டி நிற்கும். பக்கவாட்டிலும் அக்குளிலும் உடம்போடு துணி விரியணும். அங்கே ஜிக்ஜாக் இருந்தால் குறுகலான ஜிக்ஜாக், இல்லையென்றால் சின்னத் தையலாக வைத்து, துணியை லேசா நீட்டிப் பிடிச்சுத் தைச்சா நூல் சீக்கிரம் அறுந்து போகாது.

பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் பனியன் விற்பவர்கள் வந்தால், வாங்குவதற்கு முன்னால் சட்டையை உள்பக்கம் திருப்பித் தோளைப் பாருங்கள். டேப் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லாத சட்டை ஏற்கனவே வீட்டில் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். தோள் தையலை உள்பக்கம் நீராவி இஸ்திரி போட்டு, பழைய அளவுக்குக் கையால் ஒதுக்கி, நாடாவை மேலேயே வைத்துத் தைக்கலாம். ரொம்ப நாள் தொங்கிய துணி முழுசாகத் திரும்பி வராது, ஆனால் அதற்கு மேல் இறங்காது.

காயப்போடும்போது தோளில் கிளிப் மாட்டாமல், சட்டையை நடுவில் மடித்துக் கொடியில் போடுங்கள். தைத்த சட்டை சரியா என்று பார்க்க: தோளின் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள், நனைத்து ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்கவிட்டு, காலையில் மறுபடி அளந்து பாருங்கள். அளவு அப்படியே இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மதியம் சாப்பாட்டு நேரத்தில் வேப்ப மரத்தடிக்கு வாருங்கள், நாடாத் துண்டு என் பையில் இருக்கும்.