ஆயக்குடி கொய்யாவும் நம்ம ஜிடிபியும்

பழனி பக்கம் போனா ஆயக்குடி கொய்யா வாங்காம திரும்ப மாட்டோம். அந்த ஒரு கிலோ கொய்யா நாட்டின் பொருளாதாரத்தில் எவ்வளவு சேருது? ஒரு கணக்கு போடுவோம். விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான்.

விவசாயி 20 ரூபாய்க்கு வியாபாரிகிட்ட விற்கிறார். வியாபாரி 35-க்கு கடைக்காரருக்குத் தர்றார். நாம 60 கொடுத்து வாங்குறோம். மூணையும் கூட்டி 115-னு சொன்னா தப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் புதுசா கூடின மதிப்பு மட்டும்தான் கணக்கு: 20 + 15 + 25 = 60.

இதில் தோட்டத்தின் பங்கு மூணுல ஒண்ணு. உரம், மருந்து, பறிகூலி எல்லாம் அதுக்குள்ளதான். வரத்து கூடி விலை சரிஞ்சா பறிகூலிகூட கட்டாது. பழம் மரத்திலேயே அழுகும். அப்போ அந்த 60-ம் போச்சு. விவசாயியோட லாரிக்காரர், கடைக்காரர் வருமானமும் சேர்ந்தே போகுது.

கொய்யா, மாம்பழம், வாழை உற்பத்தியில் உலகத்திலேயே முதலிடம் இந்தியாதான். ஆனா விளைச்சல் மட்டும் போதாது. விருப்பாட்சி மலைவாழை பஞ்சாமிர்தமா மாறும்போது மதிப்பும் கூடுது, கெடாம நாளும் தாங்குது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைச்சது. கொய்யாவுக்கும் கூழ் ஆலை, குளிர்பதனக் கிடங்கு பக்கத்திலேயே வேணும்.

ஒரு ஆடிட்டரா நான் சொல்றது இதுதான்: விற்ற தொகையைப் பார்க்காதீங்க, யார் கையில் என்ன மிஞ்சுதுன்னு பாருங்க. உங்க சம்பளத்துக்கும் இதே கணக்குதான்.