காணவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நம் பாட்டிமார் நெறி என்பதைத்தான் விலங்கியல் நூல்கள் நிணநீர் முடிச்சு என்கின்றன. உடலுக்குள் நுழையும் கிருமிகளை வழிமறிக்கும் காவற்சாவடிகள் அவை. புண் ஆறினால் நெறியும் வடிந்துவிடும். வடியாமல் வாரக்கணக்கில் நின்றால்? அதைப் பற்றிச் சிறிது கூறவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு என் அக்காவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றியது. வலி இல்லை. மாலையில் இலேசான காய்ச்சல், உடம்பும் இளைத்தது. பற்றுப் போட்டார்கள், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். மாதம் ஒன்றாகியும் கட்டி கரையவில்லை. பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. "வெளியே சொல்லாதீங்க. நாளைக்கு இவளைப் பெண் கேட்டு யார் வருவாங்க?" என்றார் அம்மா.

கடைசியில் மருத்துவமனைக்குச் சென்றோம். மெல்லிய ஊசியால் கட்டிக்குள்ளிருந்து சிறிது உறிஞ்சிச் சோதித்தார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்சுச் சொல்லுப்பா" என்று அப்பா தாளை என்னிடம் நீட்டினார். காசநோய்க் கிருமி காணப்படவில்லை என்று கடைசி வரியில் இருந்தது. "நோய் இல்லை" என்றேன். வீடே மகிழ்ந்தது.

மறுநாள் மருத்துவர், "தம்பி, காணவில்லை என்றுதானே எழுதியிருக்கிறது? இல்லை என்று யார் சொன்னது?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். அவர் விளக்கியதையும், பின்னர் நூல்களில் படித்ததையும் இங்கே தருகிறேன்.

கிருமி ஏன் தென்படுவதில்லை?

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். சீல்–நீல்சன் முறையில் சாயமேற்றினால் அது நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் அகப்படும். நோயுற்ற நுரையீரலில் கிருமிகள் பெருகிக் கிடக்கலாம். நிணநீர் முடிச்சிலோ அவை மிகச் சிலவே.

ஆகவே மருத்துவர்கள் கிருமியின் தடத்தையும் தேடுகிறார்கள். கிருமியைச் சூழ்ந்து உடலின் செல்கள் திரண்டு சிறு மணிகளாகின்றன. இதற்குக் கிரானுலோமா என்று பெயர். அதன் நடுப்பகுதி செத்துத் திரிந்த பால்போல் ஆகிவிடும். அக்காவின் அறிக்கையில் முதல் வரியே இதுதான்! சொல் புரியாததால் அதைத் தாண்டிச் சென்றிருக்கிறேன்.

பிற சோதனைகள்

கிரானுலோமா வேறு சில நோய்களிலும் வரும். கட்டி புற்றுநோயாலும் வரலாம். எனவே உறுதி செய்ய வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கலாம். ஈ. கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 20 மணி நேரமாகும். ஆதலால் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சி.பி.நாட் என்னும் மரபணுச் சோதனை சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமியைக் காட்டுவதுடன், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லும். அதிலும் சில தப்பிவிடும். அப்போது முடிச்சையே அறுத்தெடுத்து ஆராய்வர். நம் விலங்கியல் கூடத்தில் தவளையைக் காக்கும் ஃபார்மலின், இங்கே கிருமியைக் கொன்றுவிடும். ஆகவே ஒரு பகுதியை மட்டும் ஃபார்மலினிலும், வளர்ப்பதற்கான பகுதியைச் சலைனிலும் அனுப்ப வேண்டும்.

கையில் போடும் மாண்டோ ஊசி, கிருமி எப்போதோ உடலில் புகுந்ததையே காட்டும். நோய் உண்டா என்பதை அது மட்டும் தீர்மானிக்காது.

அக்காவுக்கு மறுபடி ஊசி குத்தி, சி.பி.நாட் மூலம் காசநோய் உறுதியாயிற்று. மார்பு எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை. கழுத்துக் கட்டி மட்டும் இருப்பவரிடமிருந்து, மூச்சாலோ பாத்திரத்தாலோ நோய் தொற்றாது என்று மருத்துவர் சொன்னார். அன்று மாலை, தனியே வைத்திருந்த அக்காவின் தட்டையும் தம்ளரையும் அம்மா மற்றவற்றோடு சேர்த்துக் கழுவினார். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே ஆறு மாதம் மாத்திரை தந்தார்கள். இன்று அக்கா நலம்.

நண்பர்களே! கழுத்துக் கட்டி இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் மறைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டார் நம் கையில் தாளைக் கொடுக்கும்போது, புரியாத சொல்லைத் தாண்டிச் செல்லாமல் கேட்டறிந்து சொல்லுவோம்.