ஜப்பானியரின் இல்லுறை தெய்வங்களும் காடுறை தெய்வங்களும்

ஜப்பானியர் தம் தெய்வங்கள் எண்பது லட்சம் என்பர். இஃது எண்ணிச் சொன்ன தொகையன்று. எண்ணில் அடங்காதவை என்பதே பொருள். கி.பி. 712இல் தொகுக்கப்பெற்ற 'கொஜிகி' என்னும் நூலுக்கு உரை கண்ட மோத்தோரி நோரினாகா (1730-1801), பறவை, விலங்கு, மரம், கடல், மலை என எதுவாயினும் இயல்பினை விஞ்சிய ஆற்றலால் நம்மை அஞ்சவோ வியக்கவோ செய்யுமானால் அது 'கமி' (தெய்வம்) என்றார். அது நல்லதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை!

வீட்டில் அடுப்புக்கு ஒரு தெய்வம், கிணற்றுக்கு ஒன்று, கழிப்பிடத்துக்கும் ஒன்று உண்டு. இவற்றினும் சுவையானது 'சாஷிகி வாராஷி' என்னும் குழந்தை ஆவி. அது தங்கும் வீட்டில் செல்வம் பெருகும். நீங்கினால் குடி கெடும். யானகிதா குனியோ 1910இல் வெளியிட்ட தோனோ வட்டாரக் கதைத் தொகுப்பில் ஒரு செய்தி வருகிறது. ஒருவன் பாலத்தருகே முன்பின் அறியாத இரு சிறுமியரைக் கண்டான். இன்னார் வீட்டிலிருந்து வேறோர் ஊருக்குப் போகிறோம் என்றனர். அந்த வீடு இனி அழிந்தது என்று அவன் உணர்ந்தான். சில நாட்களில் நச்சுக் காளான் தின்று அவ்வீட்டார் ஒரே நாளில் மாண்டனர். ஏழு வயதுப் பெண் ஒருத்தியே எஞ்சினாள். பெருங்குடி ஒன்று திடீரென நொடித்துப் போவதற்கு ஊரார் கண்ட விளக்கம் இது எனலாம்.

மலைத்தெய்வமோ இளவேனிற்காலத்தில் இறங்கி வந்து வயல்தெய்வமாகி, அறுவடை முடிந்ததும் மலையேறும்.

இத்தெய்வங்களின் தோப்புகளுக்கு 1906இல் ஆபத்து வந்தது. ஊருக்கு ஒரு கோயில் போதும் என்று அரசு ஆணையிட்டது. ஏறத்தாழ 70 ஆயிரம் கோயில்கள் மறைந்தன, மரங்கள் விலைபோயின. மியே, வகாயாமா மாவட்டங்களில் இழப்பு மிகுதி. தோப்பு அழிந்தால் பறவைகள் அகலும், பயிரில் பூச்சி மலியும், ஊர் ஒற்றுமையும் குலையும் என்று வாதிட்டார் இயற்கை ஆய்வாளர் மினாகாதா குமகுசு. அப்போராட்டத்தில் 1910இல் அவர் காவலில் வைக்கப்பட்டார். ஆயினும் தனாபே விரிகுடாவின் காஷிமா தீவுக் காடு பிழைத்தது. 1929இல் பேரரசர் ஹிரோஹிதோ அத்தீவுக்கு வந்தபோது அவரை எதிர்கொண்டு வரவேற்றவர் அதே மினாகாதாதான். தாம் திரட்டிய நுண்ணுயிர் மாதிரிகளை மிட்டாய்ப் பெட்டிகளில் இட்டு அவர் அரசருக்கு அளித்தார்.