பழைய கம்பியூட்டருக்கு எங்கே செலவு செய்வது?

வவுனியாவில் கலியாண வீடியோ எடுக்கும் என் தங்கை மகன் ஒருநாள் கடைக்கு வந்து, "மாமா, கடனுக்குப் பிணை நிற்கணும்" என்றான். புதுக் கம்பியூட்டருக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு வரை போய்ப் படம் பிடிக்கிறான். ஆனால் பழைய மெசின் எடிட்டிங் செய்யும்போது நின்று நின்று ஓடுவதால் ஒரு கலியாணத்தை ஒப்படைக்க ஒரு மாதம் செல்கிறது. முழுப்பணமும் அதன் பிறகுதான் கைக்கு வரும்.

லொறி இழுக்கவில்லை என்றால் உடனே புது லொறி வாங்குவோமா? எது பழுது என்று முதலில் பார்ப்போம். "அதையே இதற்கும் செய்" என்றேன். திருத்துபவர் ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தோம். அன்று படித்ததை வியாபாரச் சகோதரர்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, நோயைக் கண்டுபிடியுங்கள். எடிட்டிங் நடக்கும்போதே விண்டோஸில் 'டாஸ்க் மனேஜர்' திறந்து பாருங்கள். புரொசெசர், ரேம், டிஸ்க் ஆகிய மூன்றில் எது நூறு வீதத்தில் நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு. மருமகனுடையது நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5, 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். புரொசெசர் பாதி சும்மா இருந்தது. ரேம் நிரம்பியதும் மெசின் டிஸ்கையே ரேம் போலப் பாவிக்கும். அதனால் இரண்டும் திணறின.

இரண்டாவது, எஸ்எஸ்டி போடுங்கள். சுழலும் டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 150 எம்பி வரை வாசிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி அளவில் வாசிக்கும். விண்டோஸும் கையிலுள்ள வேலையும் அதில் இருக்கட்டும்.

மூன்றாவது, ரேம். முழு எச்டி வேலைக்கு 8 ஜிபி ஆவது வேண்டும், 16 இருந்தால் நிம்மதி. நாலாம் தலைமுறைக்கு டிடிஆர்3 தான் பொருந்தும், டிடிஆர்4 ஏறாது. 2025 கடைசியில் உலகமெங்கும் ரேம் விலை ஏறியது. ஆகவே பாவித்த டிடிஆர்3 தேடுங்கள், மெசினில் போட்டு ஓட்டிப் பார்த்தபின் காசு கொடுங்கள்.

நான்காவது, காசில்லாத வைத்தியம். புதிய போன்கள் பல எச்இவிசி முறையில் பதிவு செய்கின்றன. பழைய புரொசெசருக்கு அது பெரிய சுமை. போன் செட்டிங்கில் எச்.264 க்கு மாற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ், ஷாட்கட் இரண்டிலும் 'ப்ரொக்ஸி' வசதி உண்டு. சிறிய பிரதியில் வெட்டி ஒட்டலாம், இறுதி வீடியோ மூலப் படத்திலிருந்தே வரும்.

கிராபிக்ஸ் கார்டைக் கடைசியில் யோசியுங்கள். பாவித்த அலுவலக மெசின்களின் பவர் சப்ளை சிறியது. அதைப் பார்க்காமல் கார்டு வாங்கினால் இரண்டும் வீண்.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. விண்டோஸ் 11 க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆகவே எடிட்டிங் மெசினை இன்டர்நெட்டில் இணைக்காமல் வைப்பது நல்லது. கேடென்லைவ் லினக்ஸிலும் ஓடும்.

எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் போனது புது மெசின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்போது பத்து நாளில் வேலையை ஒப்படைக்கிறான். மூன்று கெமராவில் 4கே வேலை இந்த மெசினுக்கு ஆகாதுதான். அந்த வேலை வந்து உழைத்துத் தரட்டும், அந்தக் காசில் புதிது வாங்கலாம். நான் பிணை நிற்கவில்லை.

ஒரு செலவை மட்டும் குறைக்க விடவில்லை. ஒவ்வொரு கலியாணத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் பிரதி எடுத்து, ஒப்படைக்கும்வரை வேறிடத்தில் வைக்கச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கலியாண வீடியோ ஒருவருடைய ஒரே டிஸ்கோடு போய்விட்டது. அவர் காசைத் திருப்பித் தந்தார். ஆனால் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்த என் வாப்பா இன்று இல்லை. மெசின் நம்முடையது, அதிலுள்ள படம் பிறருடைய அமானிதம்.