ஓவியத்தில் நாய்

நன்றிக்கு நாயை உவமை கூறும் நம் நாவே, ஒருவனை இகழ வேண்டின் அவ்விலங்கின் பெயராலேயே இகழ்கின்றது. அடியவரும் தம் தாழ்மையைப் புலப்படுத்த ‘நாயேன்’ என்பர். இவ்விரு நோக்கினுள் எது தக்கதென்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓவியம் ஒன்றைத் துணைக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆங்கில ஓவியருள் விலங்குகளை வரைவதிற் பெரும்புகழ் பெற்றவர் எட்வின் லான்ஸியர் (1802–1873). தம் பதின்மூன்றாம் வயதிலேயே, 1815-இல், அரச கலைக்கழகக் கண்காட்சியில் அவர் இடம்பெற்றார். விக்டோரியா வளர்த்த ‘டாஷ்’, அவர்தம் கணவர் ஆல்பர்ட்டின் வேட்டைநாய் ‘ஈயோஸ்’ ஆகியவற்றை அவர் வரைந்தார். இத்தகைய படங்களில் நாயின் உருவோடு உடையவரின் பெருமையும் விளங்கும்.

1837-இல் அவர் தீட்டிய ‘முதிய இடையனுக்காகத் துக்கிப்போருள் முதல்வன்’ என்னும் படமோ வேறு வகையினது. எளிய குடில், அதனுள் போர்வை மூடிய சவப்பெட்டி, தரையிற் கைக்கோலும் தொப்பியும், அருகே வேதப்புத்தகத்தின்மேல் மூக்குக்கண்ணாடி. மாந்தர் எவரும் இலர். நாய் ஒன்றே பெட்டியின்மேல் மோவாயைச் சாய்த்திருக்கின்றது. ஓவியர் அதற்கு மானிட முகம் தந்தாரல்லர். சாய்ந்த தலையாலும் அசைவற்ற உடலாலுமே துயரை உணர்த்தினார். 1843-இல் வெளிவந்த தம் நூலில் ரஸ்கின் இப்படத்தைப் பெரிதும் பாராட்டினார்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இராசபாளையமும் சிப்பிப்பாறையும் தம் பெயரை நாயினங்கட்கு ஈந்த ஊர்கள். 1910-இல் இராமநாதபுர மாவட்டம் அமையும்வரை அவை திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்திருந்தன. இராசபாளைய நாயின் உருவம் 2005-இல் இந்திய அஞ்சல்தலையிலும் பொறிக்கப்பெற்றது.

இவற்றினும் மிகத் தொன்மையானது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு அது நடப்பெற்றது. அவ்வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுளது. அதன் பெயர் கோவிவன் என்பதும், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதும் கல்லில் எழுதப்பட்டுள. லான்ஸியரின் தலைப்பில் இடையனுக்கும் பெயரில்லை, நாய்க்கும் இல்லை. நம் முன்னோரோ இருவர் பெயரையும் ஒரு கல்லிற் பொறித்தனர். நாயை இழிவென்று கருதியவர் அது செய்யார்.

தாமிரபரணிக் கரையில், அறுவடையான வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துங்கால், இரவெல்லாம் விழித்துக் காக்கும் நாயை யாம் கண்டுள்ளோம். சிறுபருவத்திற் கல்லெறிந்தும் உள்ளோம். இன்று அக்கை நாணுகின்றது. அந்நாய்க்கும் இடையர் இட்ட பெயரொன்று இருந்திருக்கும். அதனை யாம் கேட்டிலோம்.